மூன்று பாட்டில் தண்ணீர்

குந்தி உட்கார்ந்து மண் சுரண்டுகிறவனுக்கு முட்டிதான் வலிக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். முட்டி இல்லை, இடுப்பு. பின்பக்கம், கை வைத்து அமுக்க முடியாத ஓர் இடத்தில் பிடித்துக்கொள்ளும். சாயந்திரம் நிமிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிமிர வேண்டும். ருமேனியாவில் என்னோடு பயிற்சிக்கு வந்த பதினோரு பேரும் முதல் வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசினார்கள். நான் பேசவில்லை. எனக்கு அந்த வலி வீட்டிலேயே பழகியிருந்தது. மூன்று வருஷமாக ஓர் ஆளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அந்த ஆள் என் அண்ணன் ஜெரால்ட்.

வரிசையாகவே சொல்கிறேன். அகழாய்வில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது அதுதான். மேல் மண்ணை முழுசாக எடுத்து முடிக்காமல் கீழ் மண்ணில் கை வைக்கக் கூடாது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி உருட்டும் ஆலை, மூன்று ஷிப்டும் ஓடும். ஒரே அறையில் இருக்கிறவனோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். இந்தப் பக்கம் ஒடிசா, பீகார் ஆட்கள் தங்கும் தகர ஷெட்டுகள். ஒருவன் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் அவன் போய் வேறொருவன் வந்திருப்பான். காற்று திரும்பினால் பழைய டயரை எரிக்கிற நாற்றம் வரும். சில நாள் அதைவிட மோசமான ஏதாவது வரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அப்பா அம்மா இரண்டு பேரும் நான் எட்டாவது முடிப்பதற்குள் போய்விட்டார்கள். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவன். அவன் பத்தாவதோடு நின்று அந்த ஆலைக்குப் போனான். நான் படித்தேன். கல்லூரியில் வரலாறு எடுத்தபோது, "ராஜா கதை படிச்சி இன்னாடா பண்ணப் போற?" என்று கேட்டான். இரண்டாம் வருஷம் பூண்டிப் பக்கம் ஆற்றுப் படுகையில் பழைய கல்லாயுதம் கிடைக்கிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். அங்கே குழிச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கச் சொன்னபோது மற்றவர்களுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. மண்வெட்டி பிடித்த குடும்பத்துக் கை. அன்றிலிருந்து அதுதான் எனக்கு வேலை என்று தெரிந்துபோயிற்று. அதற்கு முன்னால் எதிலும் என்னை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை.

நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அண்ணனுக்கு அடிபட்டது. கம்பி உருட்டும் உருளையிலிருந்து எகிறிய சூட்டுக் கம்பியிலிருந்து தப்பிக்க மேடையை விட்டுக் குதித்தான். கழுத்து போயிற்று. உயிர் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை. கையை உயர்த்த முடியும், விரலால் எதையும் பிடிக்க முடியாது. மூச்சு குறைந்துபோனதால் குரலும் குறைந்தது. பக்கத்தில் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு அடிபட்டாலும் ஆஸ்பத்திரிக்கே ஒரு காகிதம் வந்துவிடும். "என் கவனக்குறைவால் இது நடந்தது" என்று அதில் எழுதியிருக்கும். அடிபட்டவன் கையெழுத்துப் போடுவான். முடியாவிட்டால் கட்டை விரலை மையில் தொட்டு ஒருவர் வைத்துவிடுவார். அண்ணனுக்கு அப்படி வைத்தவர் வரதன். அண்ணனோடு ஒரே ஷிப்டில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். அன்று அவனைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். நான் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கத்தினேன். வரதன் சொன்னார்:

"இல்லடா தம்பி, பாத்து குதிச்சிருக்கணும் அவன். நம்ம மேலயும் தப்பு கீது."

அவர் அதை யாருக்கும் பயந்து சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். இருபது வருஷம் எது நடந்தாலும் உன் தப்புதான் என்று சொல்லக் கேட்டவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்களாகவே அதைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். இதை நான் அன்றைக்கே கவனித்து வைத்துக்கொண்டேன்.

அண்ணனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். இடப் பக்கம், மல்லாக்க, வலப் பக்கம். புரட்டாவிட்டால் முதுகும் இடுப்பும் புண்ணாகும், புண் எலும்பு வரை போகும். கஞ்சி ஊட்ட வேண்டும். மலம் எடுக்க வேண்டும். கட்டில் கம்பியில் ஒரு தண்ணீர் பாட்டில் கட்டி, குழாய் ஒன்றை அவன் வாய் அருகே விட்டிருப்பேன். தாகம் எடுத்தால் உறிஞ்சிக்கொள்வான். அவனுடைய போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம். அவனே விரல் கணுவால் தட்டி அணைப்பான். "டேய் எஞ்சினீரு, லோடு திருப்பு" என்பான். மூன்று வருஷத்தில் அவன் உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தே தபால் வழியில் எம்.ஏ. முடிக்கும் வருஷம், நான் விண்ணப்பித்திருந்த இடத்திலிருந்து கடிதம் வந்தது. ருமேனியாவில் ஒரு கிராமத்துப் பழைய தேவாலயம், அதைச் சுற்றி எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கல்லறைகள். ஆறு வாரக் களப் பள்ளி. மண்ணை எடுப்பது, எலும்பைப் படிப்பது, பதிவு செய்வது. உலகம் முழுக்க விண்ணப்பித்தவர்களில் பன்னிரண்டு பேர். போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடைசி வரியில், கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க இயலாது என்று இருந்தது.

அண்ணன் சிரித்தான்.

"குழி நோண்ட விமானத்துல போறான் பாரு. இங்க கம்பெனில டெய்லி நோண்டிக்கினு கீறானுங்க, அவனுங்களுக்கு எவன்டா விசா குடுத்தான்?"

சந்தோஷம்தான் அவனுக்கு. ஆனால் ஆறு வாரம் யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் முகம் சுருங்கியது. மீஞ்சூர் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லத்தில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். அவன் வாயே திறக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பக் கூட்டிவந்தேன்.

"பொம்பளைங்க வந்து துணி மாத்துறாங்கடா. கண்ண மூடிக்கினு செத்த மாதிரி படுத்துக்கினேன். அது வேணாம்."

"அப்ப நான் எப்படிண்ணே போறது?"

"அடுத்த வருஷம் போயேன்."

ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த வார்த்தை மட்டும் எனக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

வரதன் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது. மனைவி பிரிந்துபோனதால் அவர் கவரைப்பேட்டையில் தனியாக இருந்தார். ஷிப்டு முடித்து வந்து இங்கேயே தங்கிக்கொள்கிறேன், பகலில் நடுநடுவே வந்து திருப்பிவிட்டுப் போகிறேன் என்றார். ஆலை சுவர்ப் பக்கம்தான், ஐந்து நிமிஷ நடை. அவர் என்றால் அண்ணனுக்கும் கூச்சம் இல்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க அவருக்குப் பழக்கிக் கொடுத்தேன்.

"இன்னாடா இது, சிமென்ட் மூட்டை எறக்குற மாதிரியே கீது."

"மூட்டை பேசாது வரதா. நான் பேசுவேன். மெதுவா புடி, நாயே."

"பேசு பேசு. ஆறு வாரத்துல உன் வாய அடக்கிக் காட்டுறேன்."

சாவியை வாசலில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் வைப்பதென்று பேசிக்கொண்டோம். அண்ணனால் உள்ளே தாழ் போட முடியாது, சந்தில் நாய்கள் அதிகம். அதனால் ஆள் இல்லாதபோது வெளியே பூட்டுவதுதான் எப்போதும் எங்கள் வழக்கம்.

ஜூன் பத்தாம் தேதி கிளம்பினேன். காலையில் அண்ணன் ஷேவ் பண்ணிவிடச் சொன்னான். "வரதன் கிண்டல் பண்ணுவான்" என்றான். பண்ணிவிட்டேன். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

"உன்னுது டப்பா. அங்க எலும்பெல்லாம் போட்டோ புடிக்கணும்ல. எடுத்துக்கினு போ. எனக்கு இன்னாத்துக்கு, வரதன்கிட்ட ஒண்ணு கீது."

அவனாகக் கொடுத்தது. நான் கேட்கவில்லை. என் சிம்மை எடுத்து அதில் போட்டுக்கொண்டேன். என் பழைய போனை மேல் பரணில் போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு வரதன் போனில் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன். லாரி சத்தம், பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம். அவர் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்து முடித்து, கொஞ்சம் குடித்துமிருந்தார்.

"தம்பி, பேஜாரு ஆய்டிச்சிடா. மேஸ்திரி எங்க எட்டு பேர ஆந்திராவுல தடா பக்கம் இட்டுக்கினு போறான். பதினஞ்சு நாள் வேலையாம். வரலன்னா இனி வராதன்றான். லாரில ஏத்திட்டானுங்கடா. நீ வேற ஆளப் பாத்துக்கடா. அண்ணன்கிட்ட சொல்லு. கேக்குதா?"

"கேக்குதுண்ணே. சரிண்ணே. பத்திரமா போங்க" என்றேன்.

உள்ளேயிருந்து அண்ணன், "யாருடா?" என்றான்.

"வரதண்ணே. ஆறு மணிக்கு வராராம்."

"அவன் ஆறுன்னா எட்டு ஆக்குவான். பரவால்ல, நீ கெளம்பு. ட்ரெய்ன உட்றாத."

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதற்கு மேல் அவன் மீது ஒரு விரலைக்கூட நான் வைக்கவில்லை.

உடனே கிளம்பிவிடவில்லை. கால் மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தேன். பதற்றம் எதுவும் இல்லை. மீஞ்சூர் இல்லத்துக்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள், ஆனால் அது வேண்டாம் என்று அவனே சொன்னவன். பங்குச் சாமியாரிடம் சொன்னால் ஆள் தேடித் தருவார், ஆனால் தெரியாத ஆளை அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனிடம் உண்மையைச் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டான். மேலே ஷீட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு நான் போக மாட்டேன். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை "செத்தா தேவலடா" என்று சொல்லியிருக்கிறான் என்பதும் நினைவுக்கு வந்தது. அன்று காலையில் ஷேவ் பண்ணிவிடச் சொன்னவனும் அவன்தான் என்பது நினைவுக்கு வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

உள்ளே போய் அவனை வலப் பக்கம் புரட்டிப் போட்டேன். கஞ்சி கொடுத்தேன். கட்டில் கம்பியில் வழக்கமாக ஒரு பாட்டில்தான் கட்டுவேன். அன்று மூன்று கட்டினேன், மூன்றிலும் குழாய்.

"இன்னாத்துக்குடா மூணு? யானைக்கா?"

"வெயிலு ஜாஸ்திண்ணே."

"போய் நல்லா நோண்டு. நம்ம ஊர் மானத்த வாங்காத."

பூட்டினேன். சாவியைச் சொன்ன இடத்தில், கல்லுக்கு அடியில் வைத்தேன். ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிஷம் தாமதம். வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். திரும்பிப் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். ஒரு டீ குடித்தேன்.

கிளம்பும்போதே அணைத்திருந்த போனைப் புக்காரெஸ்ட் விமான நிலையத்தில்தான் போட்டேன், வரிசையில் நிற்கும்போது பையில் அலாரம் அடித்தது. போன் அவனுடையது, இரண்டு மணி நேர அலாரம் அதில் இருந்தது. அணைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. பிறகு உட்கார்ந்து பன்னிரண்டு அலாரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

கிராமம் அழகாக இருந்தது. ஆப்பிள் மரங்கள், மரப் பலகை வீடுகள், சின்ன கல் தேவாலயம். காலை ஏழுக்குக் குழியில் இறங்கினால் மதியம் இரண்டு வரை வேலை. முதலில் கரண்டி, பிறகு மூங்கில் குச்சி, கடைசியில் தூரிகை. எலும்பு வெளிப்பட வெளிப்பட வரைய வேண்டும், அளக்க வேண்டும், படிவத்தில் எழுத வேண்டும். மூன்றாம் நாளே என்னுடைய குழியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். எலும்புத்துறை ஆசிரியை மிரெலா, அறுபது வயசு இருக்கும், என் தோளைத் தட்டி, உனக்கு யார் சொல்லித்தந்தது என்று கேட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

எட்டாம் நாள் என் குழியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு வந்தது. இரண்டு கால் எலும்பும் குச்சி போல மெலிந்திருந்தன. மிரெலா குனிந்து வெகு நேரம் பார்த்தாள். எல்லோரையும் கூப்பிட்டாள். இந்த மனிதன் சாவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நடக்கவே இல்லை என்றாள். ஆனாலும் படுக்கைப் புண்ணின் தடம் எலும்பில் இல்லை, பல் நன்றாக இருக்கிறது, சாப்பிட்டிருக்கிறான்.

"இவனை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும். நாம் தோண்டி எடுப்பது இவனை மட்டும் இல்லை, அந்த இன்னொருவரையும்தான்" என்றாள்.

அன்று மாலை ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னாள். நான் எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசித்தாள். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், எந்தப் பக்கம் முதலில், தோளுக்கடியில் கை கொடுக்கும்போது தலை எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். உனக்கு இது எப்படித் தெரியும் என்றாள். என் அண்ணன் அப்படி இருக்கிறான் என்றேன். அவள் கண் கலங்கிற்று.

"இப்போது அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"அவனுடைய நண்பர் ஒருவர்" என்றேன்.

கதவைப் பூட்டி அன்றைக்கு எட்டாம் நாள். மூன்று பாட்டில் தண்ணீர் ஓர் ஆளுக்கு ஜூன் மாத வெயிலில், சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு வரதன் கூப்பிட்டார். நான் குழியில் இருந்தேன். தடாவிலிருந்து வந்த கையோடு, ஜெரால்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்திருக்கிறார். கல்லுக்கு அடியில் சாவி இருந்திருக்கிறது. திறந்து உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பி… யாருமே வரலியாடா? நீ யாரடா வெச்ச?"

நான் யோசிக்கவில்லை. அது எனக்குள் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"நீங்கதானேண்ணே பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

"நான் அன்னிக்கு போன் பண்ணேனேடா. தடா போறேன்னு…"

"போன் பண்ணீங்க. ஆறு மணிக்கு வரேன்னுதான் சொன்னீங்க. அண்ணன்கிட்டகூட அப்பவே சொன்னேன். லாரி சத்தமா இருந்துச்சி. நீங்க கொஞ்சம் போட்டிருந்தீங்க."

போனில் ஆலை ஓடுவது மட்டும் கேட்டது.

"அப்டியாடா சொன்னேன்?"

"ஆமாண்ணே."

"சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்டா. சொல்லிட்டேன்னு நெனச்சிக்கினேன் போல."

அவர் அழுத சத்தம் மனிதச் சத்தம் மாதிரி இல்லை. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். வேண்டுமென்றா செய்தீர்கள் என்று கேட்டேன்.

மிரெலா என்னை உடனே ஊருக்குப் போகச் சொன்னாள். பயணச்சீட்டை அவர்களே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இப்போது அங்கே எனக்கு யாரும் இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். அது உண்மைதான். போலீஸ் முறைகள் முடிந்து பங்குக் கல்லறையில் வரதன்தான் அடக்கம் செய்தார். போட்டோ அனுப்பினார். அன்று மதியம் எங்கள் குழி ஓரத்தில் பதினோரு மாணவர்களும் காட்டுப்பூ வைத்து நின்றார்கள். நான் அடுத்த நாள் வேலைக்கு இறங்கினேன். மீதி நாலு வாரமும் முடித்தேன். சான்றிதழில் என் பெயருக்கு எதிரே முதல் தரம் என்று இருக்கிறது.

நான் திரும்பி வருவதற்குள் வரதன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாம் சொல்லியிருந்தார். என்னையும் விசாரித்தார்கள், ஒரு மணி நேரம். சாவி சொன்ன இடத்தில் இருந்தது. போன் வந்தது பதிவில் இருந்தது. மூன்று பாட்டில் தண்ணீர் கட்டிவைத்துவிட்டுப் போனதைச் சொல்லி, தம்பிக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று வரதனே எனக்காகப் பேசினார். யாரும் அந்த மூன்றைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு ஆள் வருவார் என்று நம்புகிறவன் ஒரு பாட்டில்தான் கட்டுவான். பதினைந்து நாள் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தவன்தான் மூன்று கட்டுவான். அதையும் மூன்றோடு நிறுத்தியவன்.

ஆகவே இதை மறதி என்றோ கவனக்குறைவு என்றோ யாராவது எழுதினால் தப்பு. நான் எதையும் மறக்கவில்லை. தெரிந்துதான் பூட்டினேன்.

வரதன் மீது அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு இருக்கிறது. அவர் கொடுத்த வாக்குமூலத்தை நான் பார்த்தேன். "என் கவனக்குறைவால்" என்று தொடங்குகிறது. ஆலைக் காகிதத்தில் படித்துப் பழகிய வார்த்தைகளையே சொல்லியிருக்கிறார். குடிப்பதை விட்டுவிட்டார். ஆலையில் அவரை மறுபடி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறையில் என்னோடு வந்து நிற்பார், அவர் எங்கள் மதம் இல்லை. நாஷ்டா வாங்கிக்கொண்டு வருவார். நான் சாப்பிடும் வரை எதிரே உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை மாணவனாக இல்லை, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறவனாக. மிரெலாவே எழுதியிருந்தாள். போன வருஷம் வந்த எலும்புக்கூட்டைப் பற்றி அவள் எழுதும் கட்டுரையில் என் பெயரையும் சேர்க்கிறாளாம். நாளை காலை ரயில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வருவேன் என்று வரதன் பிடிவாதமாக இருக்கிறார். இன்று மாலை வந்திருந்தார். வாய்தா ஜூலை ஒன்பது என்றார்.

"வக்கீலு ஒத்துக்காத, வாதாடலாம்னு சொல்றாரு. நான் வேணாம்னுட்டேன். செஞ்சத செஞ்சேன்னு சொல்லிட்டா மனசு ஆறும். எத்தினி வருஷம் குடுத்தாலும் பரவால்ல." பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். பிறகு நிமிராமல் கேட்டார். "நீ என்ன மன்னிச்சிட்டியா தம்பி?"

"மன்னிச்சிட்டேண்ணே" என்றேன்.

களப் பள்ளி ஜூலை முப்பதில் முடிகிறது. ஆகஸ்டு முதல் வாரம் வந்துவிடுவேன். வந்ததும் வரதனிடம் சொல்லிவிட வேண்டும். எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு நான் ஒன்று பாக்கி: "நீங்க அன்னிக்கு சொன்னீங்கண்ணே, எனக்குக் கேட்டுச்சி."